தெருமுனையில் திரும்பிய கோப்பை

வேகவைத்த மல்லாட்டையை வாயில் போடுவதற்கு முன்னால் மண்ணாங்கட்டி ஒரு வேலை செய்வார். பொட்டலத்தைப் பிரித்து, தாளின் மடிப்பு போகும்படி நீவி, டீக்கடை பெஞ்சின் மேல் விரிப்பார். வேர்க்கடலைக் காய்களை உடைத்துப் பருப்பைத் தனியாக எடுப்பார். சொத்தை, சுருங்கினது எல்லாம் ஒதுக்கிவிட்டு, ஒரே அளவில் பதினொன்றைப் பொறுக்குவார். தாளின் அடியில் ஒன்று. அதற்கு முன்னால் நாலு. அதற்கும் முன்னால் நாலு. மேலே இரண்டு. வைத்து முடித்ததும் கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு நடு வரிசையில் இடமிருந்து இரண்டாவதாக நிற்கிற பருப்பின் மேல் கட்டைவிரலை வைப்பார். எறும்பை நசுக்குகிற அவசரம் அதில் இருக்காது. பொறுமையாக, பருப்பு மசிந்து விரல் ரேகையில் ஏறுகிற வரைக்கும் அழுத்துவார். விரலைப் பெஞ்சுக்கு அடியில் துடைத்துக்கொண்டு, மீதிப் பத்தையும் வாரி வாயில் போட்டுக்கொள்வார்.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மட்டும் நடக்கிற வேலை இல்லை இது. மல்லாட்டை கிடைக்காத நாடுகளில் முந்திரியை வைத்துச் செய்தார். பூட்டானில் சோளத்தை வைத்துச் செய்தார். சான்சிபாரில் பேரீச்சங்கொட்டை நசுங்காது என்று தெரிந்தும் கட்டைவிரல் சிவக்க அழுத்தினார். கூட இருந்த உதவிப் பயிற்சியாளர்கள் அதை ஏதோ ஆட்டத் திட்டம் என்று நினைத்துக்கொண்டு எட்டிப் பார்ப்பார்கள்.

நசுங்குகிற அந்தப் பருப்புக்கு ஒரு பேர் உண்டு. முருகையன்.

ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட இருக்கிற காலனியில் பிறந்தவர் மண்ணாங்கட்டி. அப்பா மூட்டை தூக்கினவர், சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா சவுரியம்மாள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் பஸ் ஏறிப் போய் வந்து பிள்ளைகளை வளர்த்தாள். இவருக்கு முன்னால் பிறந்த மூன்றும் தங்கவில்லை. நாலாவதாக இவர் பிறந்ததும், சாமியார் ஞானஸ்நானம் கொடுத்தது ஒரு பக்கம் இருக்க, தெருப் பெண்கள் சொன்னபடி குழந்தையைக் குப்பைமேட்டில் ஒரு புரட்டுப் புரட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து, ஒரு முறம் தவிட்டுக்குத் திரும்ப வாங்கிக்கொண்டாள். இது நான் பெத்தது இல்லை, தவிட்டுக்கு வாங்கினது, யாரும் கண்ணு வைக்காதீங்க என்று ஊருக்கும் மேலே இருக்கிறவனுக்கும் சேர்த்துச் சொல்கிற சங்கதி அது. பேரும் அதற்கேற்ற பேராகவே வைத்தாள்.

பையன் தங்கிவிட்டான். தங்கினதோடு கால்பந்தும் ஆட ஆரம்பித்தான். "உன் மவன் இன்னாமா ஆடுறான்" என்று யாராவது சொன்னால் சவுரியம்மாளுக்கு முகம் மாறிவிடும். "ஆமா, சேத்துல எருமை ஓடுறாப்ல ஓடிக்கினு கெடக்கிறான். அதைப் போயி ஒரு ஆட்டம்னு சொல்றீங்களே" என்பாள். சொல்லிவிட்டுத் தரையில் துப்புவாள். மகன் ஆடின ஒரு மேட்சையும் அவள் வந்து பார்த்ததில்லை. அம்மாவுக்கு ஆட்டம் பிடிபடவில்லை என்றுதான் அவன் நினைத்தான்.

அந்தக் காலத்தில் விழுப்புரத்தில் பந்து என்றால் வெண்பிறை கிளப்தான். கேப்டன் முருகையன், மெயின் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தான். நடுக்களத்தில் இடப்பக்கம் நிற்பான். காய்ந்த ஏரிக்குள் வெறுங்காலோடு ஆடிக்கொண்டிருந்த மண்ணாங்கட்டியைப் பார்த்து, கிளப்புக்குக் கூப்பிட்டதும் அவன்தான். அதில் சில பேருக்கு முகம் சுண்டிப்போனது. காலனியிலிருந்து வெண்பிறை சட்டை போட்ட முதல் ஆள் மண்ணாங்கட்டி. அவனுக்கு இருபத்தொரு வயது நடந்த பொங்கலில் திண்டிவனம் டோர்னமெண்டை வெண்பிறை ஜெயித்தது. ஃபைனலில் விழுந்தது ஒரே கோல். அடித்தது மண்ணாங்கட்டி.

திண்டிவனத்தில் கோப்பை ஜெயித்து வந்தால் மறுநாள் சாயங்காலம் ஊர்வலம் வருவது விழுப்புரத்து வழக்கம். ஆடின பதினோரு பேர் தெருவுக்கும் கோப்பை போக வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு நிமிஷம் நிற்கும். வீட்டுப் பெண்கள் ஆரத்தி கரைத்துச் சுற்றிவிட்டு அனுப்புவார்கள். பேண்டு முன்னால் போக, முருகையன் கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தான். மண்ணாங்கட்டி புதுச்சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நடந்தான். பத்து வீடு முடிந்தது. கேட்டைத் தாண்டினார்கள். இருட்ட ஆரம்பித்திருந்தது. காலனி முனையில் விளக்குக் கம்பத்துக்குக் கீழே சவுரியம்மாள் கையில் ஒரு தட்டோடு நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. தங்கச்சி ஜெசிந்தா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதற்கும் வராத அம்மா தட்டு எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். அவன் நடையை எட்டிப் போட்டான்.

முருகையன் அவளைப் பார்த்தான். பேண்டுக்காரர்களிடம் சொன்னான்: "நேரா போ. அந்தப் பக்கம் வேணாம்."

பேண்டு நேராகப் போனது. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அண்ணே, எங்க தெரு இது."

"இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம் மண்ணு." முருகையன் அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கேப்பைக்களியைக் கிண்டி வைத்திருந்தாள். "தட்டு எடுத்துக்கினு நின்னியேம்மா" என்றான். "சும்மா நின்னேன். சாப்புடு" என்றாள். அவளும் அழவில்லை, அவனும் அழவில்லை. மறுநாள் காலையில் குளிக்கப் போனால் தொட்டித் தண்ணீர் சிவப்பாகக் கிடந்தது. ஜெசிந்தா எதற்கோ சாயத்துணி ஊற வைத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்க் குளித்தான்.

அதற்குப் பிறகு அவன் வெண்பிறை சட்டையைப் போடவில்லை. முருகையன் இரண்டு தடவை தேடி வந்தான். மண்ணாங்கட்டி அவனை வாசலிலேயே நிற்க வைத்து, ஆள் இல்லை என்று வீட்டில் சொல்லச் சொன்னான். தனக்கு நடந்த அவமானமாக மட்டும் இருந்திருந்தால் ஒரு சண்டை போட்டு முடித்திருப்பான். ஆனால் அம்மா தட்டோடு நின்ற நிற்பு கண்ணை விட்டுப் போகவில்லை. என்றைக்காவது ஒரு நாள் முருகையன் வீட்டு ஆட்களை அவன் வாசலில் இதே மாதிரி தட்டு ஏந்தி நிற்க வைத்து, இதே வார்த்தையை, இதே குரலில் சொல்ல வேண்டும். அதற்குக் கையில் ஒரு கோப்பை வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

கணக்கு சின்னதுதான், அதற்கு அவர் சுற்றின உலகம் பெரிது. புதுச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பந்துக்குக் காற்றடிக்கிற வேலையில் ஆரம்பித்தார். பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு. கோவாவில் உதவியாள். அங்கிருந்து மாலத்தீவில் ஒரு குட்டித் தீவின் கிளப். ஓங்கி அடித்தால் பந்து கடலில் விழும், ஆளுக்கொரு முறை நீந்தி எடுத்துவர வேண்டும். பூட்டானில் மூச்சு முட்டியது. லாவோஸில் பாஷை முட்டியது. சான்சிபாரில் ஒரு சீசன், நேபாளத்தில் இரண்டு சீசன். கடைசியாகப் பசிபிக் பெருங்கடலில், பேர் சொன்னால் விழுப்புரத்தில் ஒருத்தருக்கும் தெரியாத ஒரு நாட்டின் தேசிய அணி.

"அது எங்கண்ணா இருக்குது, சிங்கப்பூருக்கு அந்தாண்டயா?" என்று போனில் கேட்டாள் ஜெசிந்தா.

"இன்னும் அந்தாண்ட."

"அதுக்கும் அந்தாண்ட ஊரு இருக்குதா?"

"இருக்குது. அங்கியும் தோத்தா கோச்ச தொரத்துறானுங்க."

துரத்தினார்கள்தான். இந்த வேலையில் அது சம்பளம் மாதிரி நிச்சயமாக வருவது. ஜெயித்த மறு வருஷமே பெட்டியைக் கட்டச் சொன்ன கிளப் முதலாளிகள் உண்டு. மண்ணாங்கட்டி யார் மேலும் கோபப்பட்டதில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, கை குலுக்கிவிட்டு, அடுத்த விமானம் ஏறிவிடுவார். பெரிய மனசு என்று நினைத்தார்கள். அவரிடம் இருந்த கோபம் முழுக்க ஏற்கெனவே ஒரே ஆள் பேரில் பதிவாகிவிட்டது என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்.

எங்கே வேலைக்குச் சேர்ந்தாலும் அவர் ஒரே ஒரு நிபந்தனை வைப்பார். கோப்பை ஜெயித்தால் ஆடின அத்தனை பேர் வீட்டுக்கும் அது போக வேண்டும், வாசலில் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். பூட்டானில் மாற்று கோல்கீப்பரின் வீடு ஒரு மலையின் உச்சியில். அன்றைக்குப் பாதி நாள் ஏறினார்கள். கிளப் முதலாளி நடுவழியில் உட்கார்ந்துவிட்டு, இந்தப் பையன் ஒரு மேட்ச்கூட ஆடலையே என்றார். "சட்டை போட்டான் இல்ல" என்றார் மண்ணாங்கட்டி. மேலே அந்தப் பையனின் அம்மா ஒரு மரக் குவளையில் வெண்ணெய் போட்ட தேநீர் கொண்டுவந்து கோப்பைக்கு முன்னால் வைத்தாள். எல்லாரும் கை தட்டினார்கள். மண்ணாங்கட்டி மட்டும் பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அந்நேரம் விளக்குக் கம்பத்துக்குக் கீழே இருந்தார்.

சவுரியம்மாள் இறந்தபோது அவர் லாவோஸில் இருந்தார். மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தபோது சவப்பெட்டி கல்லறைக்குக் கிளம்பத் தயாராக இருந்தது. குழியில் மண் போடும்போது நிமிர்ந்து பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக முருகையன் ஒரு மாலையோடு நின்றிருந்தார். முடி நரைத்திருந்தது. மண்ணாங்கட்டி நேராக அவரிடம் போனார். ஒன்றும் பேசாமல் மாலையை அவர் கையிலிருந்து வாங்கி, மதிலுக்கு வெளியே தொங்கவிட்டுவிட்டுத் திரும்பி வந்தார். முருகையன் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. பேசாமல் இருக்கிற திமிரைப் பார் என்று அன்றைக்கு மண்ணாங்கட்டியின் பல் நறநறத்தது.

போன வருஷம் பசிபிக்கில் ஒப்பந்தம் முடிந்தது. மண்ணாங்கட்டிக்கு ஐம்பத்தைந்து நெருங்கியிருந்தது. தங்கச்சி வீட்டுக்கு வந்து பெட்டியை இறக்கினார். அடுத்த வேலை வரும்வரை இருக்கலாம் என்று சொல்லிக்கொண்டார். ஆனால் வந்த அன்றே விசாரித்தார். வெண்பிறை இன்னும் முருகையன் கையில்தான் இருந்தது. சைக்கிள் கடை விளையாட்டுச் சாமான் கடையாகியிருந்தது. பதினோரு தெரு சுற்றுகிற வழக்கம் போக்குவரத்து நெரிசலில் ஒழிந்துபோய், இன்னொரு வழக்கம் வந்திருந்தது. விழுப்புரத்தில் எந்த டீம் ஜெயித்தாலும் கோப்பை முருகையன் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிற்கும். ஊரில் பந்துக்கு மூத்தவர் என்கிற மரியாதை. அவர் மனைவி கிருஷ்ணவேணி ஆரத்தி எடுப்பாள், அவர் கோச்சுக்குத் துண்டு போர்த்துவார்.

அதைக் கேட்டதும் மண்ணாங்கட்டி டீயைப் பாதியில் வைத்துவிட்டார். இத்தனை வருஷம் அவர் தேடின வாசலை ஊரே கட்டி வைத்திருந்தது.

காலனியில் இப்போது ஒரு டீம் இருந்தது. கேப்டன் ஜெசிந்தாவின் மகன் சித்தார்த்தன், பார்சல் டெலிவரி வேலை பார்ப்பவன். அதில் இருந்த மற்றவர்களும் பெயிண்டர், எலக்ட்ரீஷியன், பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஏரிக்குள் ஆடுவார்கள். மண்ணாங்கட்டி போய்க் கரையில் உட்கார்ந்து பார்த்தார்.

"மாமா, நேஷனல் டீம் பாத்துட்டு எங்களப் பாத்தா எப்பிடி கீது?" என்றான் சித்தார்த்தன்.

"நேஷனல் டீம்ல கோல்கீப்பர் மீன் புடிக்கப் போயிட்டா மேட்ச தள்ளி வப்பானுங்க. நீங்க தேவல."

"அப்ப எங்கள ஃபைனல் கொண்டு போவியா?"

"போறேன். துட்டு வேணாம். ஆனா கோப்ப கெடச்சா அது எந்தத் தெருவுக்குப் போவணும், எந்தத் தெருவுக்குப் போவக் கூடாதுன்றத நான்தான் சொல்லுவேன். நடுவுல எவனும் வாயத் தொறக்கக் கூடாது."

பெயிண்டர் பையன் சிரித்தான். "கோப்ப கெடச்சா ஆட்டோ வச்சி பாண்டிச்சேரிக்கே ஓட்டிக்கினு போ மாமா. மொதல்ல கெடைக்கட்டும்."

இரண்டு மாசம் அவர்களைப் பேஜாராக்கிவிட்டார். ஓட வைத்ததைவிட நிற்க வைத்ததுதான் அதிகம். பந்து வராத இடத்தில் எப்படி நிற்பது, வருகிற வரைக்கும் எப்படிக் காத்திருப்பது என்பதே பாடம். காத்திருப்பதில் அவரை மிஞ்சின ஆள் யார். விடிகாலையில் மங்கி குல்லாவை இழுத்து மூடிக்கொண்டு வெண்பிறை ஆடுகிற மைதானத்துக்கு எதிர்த்த பாலத்தில் போய் உட்காருவார். சித்தார்த்தன் ஒரு நாள் பார்சல் கொடுக்கப் போகும்போது பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினான்.

"இன்னா மாமா, திருடன் மாதிரி குந்திக்கினு கீற?"

"அந்தக் கோல்கீப்பரப் பாரு."

"சுமித்தச் சொல்றியா? மேல வர்ற பந்தெல்லாம் புடிப்பான் மாமா. ஆறடி."

"புடிக்கிறதுக்கு முன்னால இன்னா பண்றான்?"

"பாக்கிறான்."

"அதான். பாத்துதான புடிக்கணும்." அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு நன்றாக இல்லை என்று சித்தார்த்தனுக்குத் தோன்றியது.

பொங்கல் வந்தது. திண்டிவனத்தில் வழியில் வந்தவர்களையெல்லாம் தட்டிவிட்டுக் காலனி டீம் ஃபைனலுக்கு வந்தது. எதிரில் வெண்பிறை. மண்ணாங்கட்டி இரண்டு நாள் முன்னாலேயே போய், சாயங்காலம் அந்த மைதானத்தின் இரண்டு கோலிலும் மாறி மாறி நின்று பார்த்திருந்தார். தை மாச வெயில், ஐந்து மணிக்கு மேல் கிழக்கு கோலில் நிற்கிறவன் கண்ணுக்கு நேராக இறங்கும்.

"டாஸ் ஜெயிச்சா கிழக்கு கோல நாம எடுத்துக்கணும்" என்றார்.

"மொத பாதி முழுக்க வெயில் நம்ம கீப்பருக்கு அடிக்குமே மாமா."

"அப்ப அது மேல இருக்கும், ஒண்ணும் பண்ணாது. ரெண்டாவது பாதில அவன் அங்க வந்து நிப்பான். வெயிலும் எறங்கி வரும். அதுவரைக்கும் பந்த மேல தூக்காத. தரையிலயே உருட்டு."

டாஸ் காலனிக்கு விழுந்தது. முதல் பாதியில் காலனி டீம் ஒரு பந்தைக்கூட உயர்த்தவில்லை. திண்டிவனத்துக்காரர்கள் ஊளையிட்டார்கள். "இன்னாடா, கோலி ஆடுறீங்களா?" என்று ஒரு குரல். எதிர் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் முருகையன் முட்டியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது பாதி பாதியளவு போனபோது மட்டும் அவர் சட்டென்று எழுந்து, கையைக் கண்ணுக்கு மேல் வைத்து மேற்கே பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கீப்பரிடம் ஏதோ கத்தினார். அதற்குள் சித்தார்த்தன் வலது ஓரத்திலிருந்து பந்தைத் தூக்கிவிட்டான். சுமித் இரண்டு கையையும் உயர்த்தினான். பந்து வெயிலுக்குள் போனது. அவன் வேறு எங்கோ இருந்த பந்தைப் பிடிக்கப் போனான். இது அவன் தோளைத் தொட்டுக்கொண்டு வலைக்குள் விழுந்தது.

பையன்கள் வந்து மண்ணாங்கட்டி மேல் விழுந்தார்கள். அவர் கோலைப் பார்க்கவே இல்லை. எதிர் ஓரத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் குட்டி யானை லோடு வண்டியில் கோப்பையைக் கட்டிக்கொண்டு, மேளத்தோடு விழுப்புரத்தைச் சுற்றினார்கள். கலர்ப்பொடி, காகிதம், பையன்களின் ஆட்டம். மண்ணாங்கட்டி வண்டியில் ஏறவில்லை. வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். முருகையன் தெரு வந்தது. முனையிலிருந்து நாலாவது வீடு. வாசலில் கோலம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கிருஷ்ணவேணி தட்டோடு நின்றிருந்தாள். தட்டில் கற்பூரம் ஏற்றத் தயாராகத் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மருமகள் நின்றாள்.

டிரைவர் ஸ்டியரிங்கை ஒடித்தான். மண்ணாங்கட்டி வண்டிக்கு முன்னால் போய்க் கையை உயர்த்தினார்.

மேளம் தடுமாறி நின்றது. என்ன என்று பார்க்க முருகையன் வாசலை விட்டு இறங்கி, முட்டியைத் தாங்கித் தாங்கி முனை வரைக்கும் நடந்து வந்தார். தோளில் போர்த்துவதற்கான துண்டு இருந்தது.

"நல்லா ஆட வச்ச மண்ணு" என்றார். "வெயிலக் கொண்டாந்து எங்க பையன் கண்ணுல வுட்ட பாரு. அது வேலை. எனக்கே லேட்டாதான் தெரிஞ்சிது."

மண்ணாங்கட்டி உயர்த்திய கையை இறக்கவில்லை.

"இன்னா, வண்டி நின்னு போச்சா? வீட்ல தட்டு வச்சிக்கினு நிக்கிறாங்க."

மண்ணாங்கட்டி அவரைப் பார்த்துக்கொண்டே டிரைவரிடம் சொன்னார்: "நேரா போ. அந்தப் பக்கம் வேணாம்."

உலகத்தின் எத்தனையோ விடுதி அறைகளில், பல் தேய்க்கும்போது, விமானத்துக்குக் காத்திருக்கும்போது சொல்லிப் பார்த்த வார்த்தை. குரல் கொஞ்சமும் பிசகவில்லை.

முருகையன் முகத்தில் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மெல்ல மெல்ல ஏதோ வந்து சேர்ந்தது. வாசலைத் திரும்பிப் பார்த்தார். கிருஷ்ணவேணி தட்டோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா?" என்றார். "இத்தினி வருசமும் இதுக்கா?"

"எங்கம்மா நின்னாங்க. இதே மாதிரி."

"சவுரியம்மா..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடிக்கொண்டார். உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டார்.

"அந்தப் பேரு உன் வாயில வரக் கூடாது."

வண்டி மேலிருந்து சித்தார்த்தன் குனிந்தான். "மாமா, ஒரு நிமிசம்தான மாமா. பெரியவரு..."

"இன்னா பேசினோம்? எவனும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொன்னனா இல்லியா?"

சித்தார்த்தன் நிமிர்ந்துகொண்டான். ஒரு டூவீலர்க்காரன் பின்னால் ஹாரன் அடித்தான். முருகையன் தோளில் இருந்த துண்டை எடுத்து, நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேளக்காரர்களைப் பார்த்து, "நேராவே போங்கப்பா. ஜல்தி போங்க, ட்ராபிக்கு நிக்குது" என்றார். திரும்பி நடந்தார். வாசலில் அவர் மனைவியிடம் ஏதோ சொன்னதும், மருமகள் தீப்பெட்டியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள். அதுவரைக்கும் மண்ணாங்கட்டி நின்று பார்த்தார். தட்டு உள்ளே போன பிறகுதான் நகர்ந்தார்.

கோப்பை கேட்டைத் தாண்டி, காலனிக்குள் நுழைந்து, ஜெசிந்தா வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் மற்ற பத்துப் பேர் வீட்டிலும் நின்றது. அன்றைக்கு மண்ணாங்கட்டி மேளத்துக்கு ஆடினார். அவர் அப்படி ஆடி யாரும் பார்த்ததில்லை. கோப்பையைச் சவுரியம்மாள் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு, "வந்துட்டுதும்மா" என்றார். தெருமுனையில் நடந்ததை ஜெசிந்தாவிடம் அவரும் சொல்லவில்லை, பையன்களும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குப் போனார். மல்லாட்டை வாங்கினார். தாளை நீவினார். பதினொன்றையும் வைத்தார். கட்டைவிரல் பழக்கத்தில் நடு வரிசைக்குப் போய், அந்தப் பருப்பின் மேல் நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதை எடுத்து வாயில் போட்டு மென்றார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. மற்றபடி மற்ற பத்தைப் போலத்தான் இருந்தது.

மாசி கடைசியில் மங்கோலியாவிலிருந்து ஒரு கிளப் கூப்பிட்டது. இந்தத் தடவை ஒப்பந்தத்தில் அந்த நிபந்தனையை அவர் எழுதச் சொல்லவில்லை. சித்தார்த்தன்தான் மீனம்பாக்கம் வரைக்கும் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வந்தான்.

இனி சொல்வது அவர் விமானம் ஏறிய பிறகு தெரிந்தது. மனசு கேட்காமல் சித்தார்த்தன் தெருமுனையில் நடந்ததை அம்மாவிடம் சொன்னான். ஜெசிந்தா முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தப் பழைய ஊர்வலத்தன்று மத்தியானம் முருகையன் காலனிக்கு வந்திருக்கிறார். அண்ணன் அப்போது முடிவெட்டிக்கொள்ள டவுனுக்குப் போயிருந்தான். கிளப்பில் இரண்டு மூன்று பேர் காலனிக்குள் வர மாட்டோம் என்று சொன்னது நிஜம். வராதவன் கேட்டுக்கு இந்தாண்டயே நில்லு, கோப்பையை நான் தூக்கிக்கொண்டு போகிறேன் என்று அவர்களிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார் முருகையன். விளக்குக் கம்பத்துக்குக் கீழே சவுரியம்மாள் அவரை மறித்துக்கொண்டாள். ஊரெல்லாம் சுத்துங்க சாமி, எங்க வாசலுக்கு மட்டும் கொண்டாராதீங்க, மூணக் குடுத்துட்டு ஒண்ணத் தவுட்டுக்கு வாங்கி வச்சிருக்கேன், மேளம் கொட்டி இவன்தான்னு காட்டாதீங்க, ஊர்க் கண்ணு மொத்தமும் என் புள்ள மேல வுழும் என்றாள். சொன்னதை வெளியே விட்டால் பலிக்காது, நீங்களா வேண்டாமென்று போன மாதிரி போய்விடுங்கள் என்று, கிருஷ்ணவேணி வயிற்றில் இருந்த பிள்ளை மேல் அவரிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். அன்றைக்கு அவள் ஏந்தி நின்ற தட்டில் இருந்தது கல்லுப்பும் காய்ந்த மிளகாயும். ஊர்வலம் போனதும் மகன் நடந்த திசையைப் பார்த்து மூன்று சுற்றுச் சுற்றி அடுப்பில் போட்டாள். ஜெசிந்தாவையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தாள். அண்ணனும் அவளிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

முருகையன் அன்று மத்தியானம் வெறுங்கையோடு வரவில்லை. சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு சிவப்புப் பட்டாசுச் சரம் சுற்றியிருந்தது. திரும்பிக் கொண்டுபோக மனசில்லாமல் ஜெசிந்தா கையில் கொடுத்துவிட்டுப் போனார். யாரும் கொளுத்திவிடக் கூடாதென்று சவுரியம்மாள் அதைக் குளிக்கிற தொட்டியில் முக்கி வைத்தாள். பிரித்துப் பார்த்தபோது அது தெருமுனையிலிருந்து அவர்கள் வீட்டு வாசல் வரைக்கும் எட்டுகிற நீளம் இருந்ததாம்.